பன்னிரண்டு மாதத்து ஆட்டம்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துத் தறிப்பட்டறைகளில் இரவு பன்னிரண்டு மணிக்கு யாரும் தூங்குவதில்லை. ராத்திரி ஷிப்டின் பாதி அப்போதுதான் கழிந்திருக்கும். ஓர் ஆள் ஆறு தறி, எட்டுத் தறி பார்ப்பார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஊடை தீர்ந்தால் தறியை நிறுத்தித் தார் மாற்ற வேண்டும். பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவே கிடைக்கிற சில நிமிஷங்களில் முன்பு பீடி இருந்தது, டீ இருந்தது, ரேடியோப் பாட்டு இருந்தது. இப்போது போன் இருக்கிறது. போனுக்குள் ஆட்டம் இருக்கிறது.

2025 பிப்ரவரி 14 அன்று, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. பதினெட்டு வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை. ஆதாரைக் காட்டித்தான் கணக்குத் தொடங்க முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால், அரை மணிக்கு ஒரு தடவை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 3 அன்று அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நல்ல விதிதான். ஊர் தூங்கும் நேரத்தில் தனியாக விழித்துக்கொண்டிருப்பவனே அதிகம் இழக்கிறான் என்ற கவலையில் பிறந்தது அது. ஆனால் ஊர் தூங்கும் என்ற கணக்கு தாரமங்கலம், எடப்பாடி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் வட்டாரத்துக்குப் பொருந்தாது. இங்கே அந்த ஐந்து மணி நேரம் கூலி நேரம். ஷிப்டு முடிந்து, வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுப் படுக்கிற காலை ஒன்பது மணிதான் இவர்களுக்கு நள்ளிரவு. அந்த நேரத்தில் செயலி திறந்தே இருந்தது. இந்தச் சமவெளியில் விளையாட்டின் ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இது இரவை ஏற்கெனவே விற்றுவிட்ட ஊர்.

இரவு விழிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் தேடித் தேடி மேடையேற்றும் கூத்துக் கலைஞர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் முகத்தில் அரிதாரம் பூசி, விடியும் மட்டும் ஆடுகிறவர்கள். பார்க்க வந்த சனமும் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். நடுவில் தூங்கி விழும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழும். விடிந்ததும் மங்களம் பாடி முடிப்பார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ஆட்டம் முடிந்தது என்பதில் ஆடினவருக்கும் சந்தேகம் இல்லை, பார்த்தவருக்கும் சந்தேகம் இல்லை.

போனில் அப்படி ஒரு முடிவு கிடையாது.

ரம்மியையே எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. கையைப் பார்த்த உடனே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, முழுசாகத் தோற்றால் 80. புள்ளிக்கு இருபத்தைந்து காசு வைத்து ஆடினால் அதிகபட்சம் இருபது ரூபாய் போகும். டீயும் வடையும் வாங்குகிற காசு. யாருக்கும் பயம் வராது. ஆனால் ஓர் ஆட்டம் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்த மேசை சில விநாடிகளில் தயார். ஒரு மணி நேரத்தில் இருபது ஆட்டம் போகும். இருபது ரூபாய் நானூறு ஆகும். தோற்றதை எடுக்க வேண்டும் என்று புள்ளிக்கு ஒரு ரூபாய் மேசைக்குப் போனால், ஒரே கையில் எண்பது ரூபாய் போய்விடும்.

கோயில் மண்டபத்திலும் தோட்டத்துக் கொட்டகையிலும் ஆடிய ரம்மியில் கட்டைக் கலைத்துப் போடவே அவ்வளவு நேரம் ஆகும். ஒருவர் டீக்குப் போவார். ஒருவர் தோற்ற கோபத்தில் சண்டை இழுப்பார். காசு தீர்ந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். சம்சாரம் பையனை விட்டுக் கூப்பிட்டு அனுப்புவாள். போலீஸ் வந்தால் எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். சீட்டாட்டம் அப்போதும் குடும்பங்களைக் கெடுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இத்தனை தடைகள் குறுக்கே நின்று பல வீடுகளைக் காப்பாற்றின. செயலியைக் கட்டியவர்கள் அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நீக்கினார்கள். கலைக்கிற நேரம் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் முகம் இல்லை, காசை எண்ணிக் கொடுக்கும் கை இல்லை. யுபிஐ-யில் ரகசிய எண்ணைத் தட்டினால் போதும்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சாதாரணத் தறியில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்காது; அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் அறுந்த இழையின் கோடு விழுந்துகொண்டே போகும். யாராவது பார்த்து நிறுத்த வேண்டும். விலை கூடின தறிகளில் இழை அறுந்தால் தானே நிற்கிற அமைப்பு உண்டு. இணையச் சூதாட்டம் முதல் வகைத் தறி. அறுந்தது தெரியாமல் ஓடும்.

"ஏம்ப்பா, மூணாந் தறியில இழை ஓடுது பாரு."

"இதோங்கண்ணா, ஒரு கை முடிச்சிட்டு வர்றன்."

இந்தப் பேச்சு ராத்திரிப் பட்டறைகளில் புதுசில்லை. ரம்மிச் செயலியில் ஒவ்வொரு முறைக்கும் கிடைத்தது அரை நிமிஷம் போல. அதற்குள் இறக்காவிட்டால் முறை போய்விடும். அறுந்த இழையை அப்போதே பார்க்காவிட்டால் துணி பழுதாகும், கூலியில் பிடிப்பார்கள். ஒரே ஜோடிக் கண்ணுக்கு இரண்டு பக்கமும் அவசரம். இதில் எது தோற்றாலும் இழப்பு அவருடையதுதான்.

நம் சட்டம் ரம்மியைப் பல பத்தாண்டுகள் திறமை ஆட்டம் என்றே பார்த்தது. அதற்கு அடிப்படை 1968-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கு அது. எந்தச் சீட்டு இறங்கியது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மியில் திறமையின் பங்கே மிகுதி என்றது நீதிமன்றம். இணைய நிறுவனங்கள் இந்த வாசகத்தைத்தான் ஒவ்வொரு வழக்கிலும் முன்னால் வைத்தன. அதே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்போ வீட்டுக்காரரோ லாபம் பார்த்தால், அது குற்றமாகலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு செயலியும் வளர்ந்தது. அந்த இரண்டாம் பாதியை நாம் எல்லாரும் உரக்கப் படித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சட்டப் பாதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால் போதும். 2020 நவம்பரில் அவசரச் சட்டம், அதன்பின் சட்டம். 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு. அதில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இருந்தார். அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்த ஆண்டுகளில் இணையச் சூதாட்டக் கடனால் உயிரை விட்டவர்கள் நாற்பதுக்கும் மேல் என்று மாநில அரசு நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னது. வாதம் நடந்துகொண்டிருந்த நாட்களிலும் மேசை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மத்திய அரசும் அந்த மேசைப் பணத்தில் பங்கு பெற்றது. 2023 அக்டோபர் 1 முதல் போட்ட பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வாங்கியது. ஜெயித்தால் நிகர வருவாயில் 30 சதவீதம் வருமான வரி. ஒரு தறிக்காரர் தூக்கம் கெட்டு ஜெயித்த தொகையிலிருந்து செயலி எடுத்ததும், அரசு எடுத்ததும் போக மிச்சம்தான் அவருக்குக் கிடைத்தது. வரி வாங்கியவரை அதைச் சூதாட்டம் என்று சொல்ல மத்திய அரசுக்கு நா எழவில்லை என்பது வேதனை.

இந்தப் பக்கத்தில் கடனுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. பள்ளிப்பாளையம், குமாரபாளையம் தொடங்கி இந்த வட்டாரம் வரை தறி ஓட்ட வருகிறவர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவது வழக்கம். கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், காது குத்துக்கும் வாங்குவார்கள். அது நோட்டில் ஏறும். வாராவாரம் கூலியில் கொஞ்சம் கழியும்; அட்வான்ஸ் தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய கணக்கைத் தீர்த்துக் கூட்டிப்போக வேண்டும். ஆக, செயலியில் போன பணம் வெறும் பணமாகப் போவதில்லை. அது அட்வான்ஸ் நோட்டில் ஏறினால், வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமை போகிறது. வீட்டுப் பெண்கள் வாங்கிய குழுக் கடனில் ஏறினால், பத்துப் பெண்கள் முன்னால் ஒருத்தி தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. நகரத்தில் சம்பளக்காரர் இழப்பதற்கும், இங்கே இழப்பதற்கும் தொகையில் வித்தியாசம் குறைவாக இருக்கலாம். இங்கே இழக்கிறவர் அடுத்த வருடத்தையும் சேர்த்து இழக்கிறார்.

எல்லா ஆட்டமும் சூதாட்டம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஆடியது பணம் வைக்காத ஆட்டம்.

அதன் தொடக்கம் 2020. மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு அவை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நடுவே ஆன்லைன் வகுப்புக்கென்று தறிக்கார வீடுகளில் கடன் சொல்லி போன் வாங்கினார்கள். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா பட்டறையிலிருந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்ற வீடுகளும் உண்டு. வகுப்பு காலையில் சிறிது நேரம். மிச்ச நாள் முழுக்க விளையாட்டு. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்ற இரண்டு பெயர்களும் வாய்ப்பாட்டை விட நன்றாக மனப்பாடமாயின. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, பப்ஜி போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாட்டோடு வந்தது: பதினெட்டுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம், மேலே ஆறு மணி நேரம். 2022 பிப்ரவரியில் தடையான ஃப்ரீ ஃபயருக்குப் பதில் பிள்ளைகள் அதன் மேக்ஸ் வடிவத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஒரு பெயர் போனால் இன்னொரு பெயர் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரியவர்களில் குறைவு. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். வெறுங்கை. ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கி, மருந்து, தலைக்கவசம் பொறுக்க வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். அரை மணி நேரம் போல ஆகும். கடைசியில் நிற்கிற அணிக்கு ஜெயம். நால்வர் அணியில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் இன்னொருவன் ஓடிவந்து தூக்க வேண்டும். தூக்க வந்தவனைக் குறிவைத்து எதிரி காத்திருப்பான். "டேய் மாப்ள, வராதடா, நான் போறேன், நீ ஜோனுக்குள்ள ஓடு" என்று விழுந்து கிடக்கிறவன் மைக்கில் கத்துவான். அந்தக் குரலில் இருக்கும் அக்கறை பொய் இல்லை. பட்டறைத் திண்ணையில் நாலு பையன்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆடுவது நட்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மலப்புறத்துப் பையனோடும் புவனேஸ்வரத்துப் பையனோடும் அரைகுறை இந்தியில் பேசி அணி சேர்ந்தது அவர்களுடைய முதல் வெளியூர்ப் பழக்கம்.

இங்கேயும் சிக்கல் முடிவில்தான். அரை மணியில் ஆட்டம் முடிகிறது. ஆனால் தினசரி இலக்கு முடியவில்லை. இலக்கு முடிந்தால் சீசன் முடியவில்லை. சீசன் முடிந்தால் வாங்கிய தரவரிசை இறக்கப்பட்டு, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. கணக்கை நாளாக, வாரமாக, மாதமாக அடுக்கி வைத்திருப்பதால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் எதையோ பாதியில் விட்டது போலத் தோன்றும். நண்பர்கள் வேறு காத்திருப்பார்கள். உள்ளறையில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிய, அம்மா வந்து நிற்பாள்.

"ஏஞ்சாமி, இன்னும் தூங்கலயா?"

"ஒரே மேட்சும்மா."

அவன் சொல்வது அந்த நிமிஷத்தில் உண்மைதான்.

தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பத்து ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டு 2021-இல் கைவிட முடிவெடுத்தது. சீனா 2021 ஆகஸ்டில் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மட்டும் என்று ஆக்கியது. கடிகாரத்தை வைத்து ஆட்டத்தைப் பிடிக்க உலகம் முழுக்க முயற்சி நடந்திருக்கிறது. மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதே கொரியாவின் அனுபவம்.

வேறு ஒரு கணக்கு இருக்கிறது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று சேர்க்கப்பட்டது. சூதாட்டக் கோளாறு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் எங்கும் இல்லை. கேட்பது மூன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற பிடி கையை விட்டுப் போய்விட்டதா? மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னால் வந்து நிற்கிறதா? கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் ஆட்டம் தொடர்கிறதா? இவற்றால் வீடு, படிப்பு, வேலை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நிலை வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது இருந்திருக்க வேண்டும். தீவிரமாக இருந்தால் அதற்கு முன்பே கணிக்கலாம். ஆடுகிறவர்களில் சிறு பங்கினருக்குத்தான் இது வருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மருத்துவர்கள் ஒரு வருடத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் இரட்டை ஷிப்டு ஓடுகிற மாதத்தில் ஆட்டம் குறையலாம். ஆடியில் வேலை சுணங்குகிற நாட்களில் கூடலாம். முழுப் பரீட்சை முடிந்த மே மாதத்தில் எந்தப் பையன்தான் ஆடமாட்டான்? ஒரு மாதத்தைப் பார்த்துப் பயப்படுவதும், ஒரு மாதத்தைப் பார்த்து நிம்மதி அடைவதும் இரண்டுமே தப்பாகப் போகலாம். பொங்கலிலிருந்து பொங்கல் வரை பார்த்தால்தான் தெரியும்.

இதே இணையத்தில், இதே நடு ராத்திரியில் ஆடிய இன்னொரு பையனையும் தமிழ்நாடு பார்த்தது. 2022 பிப்ரவரியில் இணையத்தில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டியில், பதினாறு வயது பிரக்ஞானந்தா, அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு தோற்கடித்தார். ஐரோப்பிய நேரத்துக்கு நடந்த போட்டி. சென்னையில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று முடித்தபோது மணி இரண்டு ஆகியிருந்தது. விடிந்ததும் பதினொன்றாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளிக்கூடம் போனார். தூக்கம் கெட்டுத்தான் ஆடினார். ஆனால் அவருக்குப் போட்டி அட்டவணை இருந்தது, பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் இருந்தார், உடன் ஆடும் அக்கா வைஷாலி இருந்தார். அந்த ஆட்டத்துக்கு ஒரு கடைசி நாளும் இருந்தது. இறுதிச் சுற்றில் டிங் லிரனிடம் தோற்றார், போட்டி முடிந்தது. ஜலகண்டாபுரத்துப் பையனுக்கும் அவருக்கும் விரல்களில் வேகம் குறைவில்லை. கூட இருந்த மனிதர்களில்தான் வித்தியாசம்.

2025 ஆகஸ்டில் எல்லாம் தலைகீழானது. 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் நிறைவேறியது. திறமையா அதிர்ஷ்டமா என்ற 1968-இன் கேள்வியை அது ஓரமாக வைத்துவிட்டது. பணம் வைத்து ஆடுவது எதுவானாலும் தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை; அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்ப்பதாக அரசு சொன்னது. நாட்டில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழப்பதாக அரசுத் தரப்பு மதிப்பிட்டது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் போனது. செப்டம்பர் ஆசியக் கோப்பையில் அணி விளம்பரதாரர் பெயர் இல்லாத சட்டையோடு இறங்கியது. ரம்மி மேசைகள் ஒரு வாரத்துக்குள் மூடின. நிறுவனங்களின் வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் வாங்கிக்கொண்டது.

தடை சரிதான். தமிழ்நாடு ஐந்து ஆண்டுகள் முட்டி மோதிய சுவர் அது. ஆனால் தடைக்கு மறுநாள் காலை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இந்த ஊர்க்காரர்கள் வெளியே போக வேண்டியதில்லை. லாட்டரிச் சீட்டை 2003 ஜனவரியில் தமிழ்நாடு தடை செய்தது. மூணு நம்பர் லாட்டரி சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் இன்னும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. துண்டுச் சீட்டு போய் வாட்ஸ்அப்பில் எண் வருகிறது, அவ்வளவுதான். அதேபோல் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகள் டெலிகிராம் வழியாக உள்ளே வரும். ஆதார் கேட்காது, எச்சரிக்கை காட்டாது, ஜெயித்த பணத்தைத் தர வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. முறைப்படி நடந்த செயலி மூடியதால் ஆசை மூடிக்கொள்ளாது. பழைய கடன் அப்படியே நோட்டில் இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரே ஓர் ஆட்டம் போதும் என்ற நினைப்பும் அப்படியே இருக்கிறது. 2023 மார்ச்சில் விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட்டாக உயர்த்திய அரசு, தறி ஓட்டுகிறவரின் அட்வான்ஸ் நோட்டை ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையில் இதையும் பேச வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அதற்குச் சட்டம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூலி வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு, போனில் பன்னிரண்டு மாதத்துப் பணப் பட்டியலை எடுத்து வையுங்கள். யுபிஐ-யில் எல்லாம் தேதியோடு இருக்கும். பக்கத்தில் தறி நோட்டை வையுங்கள். எந்த வாரம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று அதில் இருக்கும். அட்வான்ஸ் நோட்டையும் குழுக் கடன் அட்டையையும் சேர்த்து வையுங்கள். பையன் என்றால் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவும் மதிப்பெண் அட்டையும் போதும். இரண்டு பக்கத்தையும் மாதம் மாதமாகச் சேர்த்துப் படியுங்கள். ஆட்டம் கூடின மாதத்தில் மீட்டர் குறைந்ததா? கடன் ஏறிய வாரம் எது? யாருக்கும் பிரசங்கம் தேவைப்படாது. அந்த நேரத்தில் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். கடன் பட்டியல் வெளியே தெரிந்துவிட்டது என்ற பயத்தில்தான் பலர் விபரீத முடிவுக்குப் போயிருக்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டியது, எவ்வளவு போயிருந்தாலும் கட்டிக்கொள்ளலாம் என்பதை.

கையை மீறிப் போயிருந்தால் வைத்தியம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு நடக்கிறது; சேலத்திலிருந்து ரயிலில் போய் வரும் தூரம்தான். அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் முதலில் போனில் பேசலாம். பட்டறை வைத்திருக்கிறவர்கள் கூலிக் கணக்கு எழுதும் பலகையின் ஓரத்தில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க நடக்கும் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். இருபத்து நாலு மணி நேரமும் உண்டு என்பதால், ராத்திரி ஷிப்டுக்கு நடுவிலும் கூப்பிடலாம்.